கருப்பட்டி கடைக்கு டாட் காமா, டாட் இன்னா?

உடன்குடில எங்க சித்தி கருப்பட்டி காய்ச்சி வாட்ஸ்அப்லயே விக்கிறாங்க. போன மாசம் திடீர்னு "ஏல, நமக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் குடுல"ன்னாங்க. சைட்டு ஒரு வாரத்துல முடிஞ்சிருச்சு, அதுக்கு டொமைன், அதாவது வெப்சைட் முகவரிக்கான பேரு, வாங்குறதுக்குள்ளதான் மண்டை காஞ்சுபோச்சு.

முதல்ல டாட் காம். இது 1985-ல இருந்து இருக்கு, அதனால நல்ல சொல்லெல்லாம் எவனாவது வாங்கிப் போட்டிருப்பான், அதுல பாதிப்பேர் கடையும் நடத்த மாட்டான், காலிமனை மாதிரி வெலைக்கு வெச்சிட்டு உக்காந்திருப்பான். எங்களுக்கு மிஞ்சினது நடுவுல கோடு போட்டதும் பின்னாடி 'ஆன்லைன்' ஒட்டினதும்தான். ஆனா ஒண்ணு, நம்மாளு வாய்ல தானா வர்றது காம்தான். நீங்க டாட் இன் வாங்கி, அதே பேர்ல டாட் காம் இன்னொரு கருப்பட்டிக்காரர்ட்ட இருந்தா, உங்க விளம்பரத்துல அவருக்குத்தான் ஆர்டர் போகும். அப்படி இருந்தா அந்தப் பேரையே விட்டுருங்க.

டாட் இன் நிக்சின்ற இந்திய அமைப்பு கையில இருக்கு, 2005-லதான் எல்லாருக்கும் தாராளமா திறந்து விட்டாங்க, அதனால நல்ல பேரு இன்னும் கிடைக்குது. வாங்குறவங்க எல்லாம் இந்தியாவுக்குள்ளதான்னா இது தாராளமா போதும். டாட் கோ டாட் இன்னும் உண்டு, ஆனா ஃபோன்ல ரெண்டு டாட் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிராளி வெச்சிருவான்.

டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன் வகையறா முதல் வருஷம் நூறு நூத்தம்பதுன்னு காட்டும், பக்கத்துலயே பொடி எழுத்துல ரெனியூவல் ஆயிரக்கணக்குல இருக்கும், அத மட்டும் பாருங்க. இலவசம்னு டாட் டிகே வாங்கிட்டு இருந்தோமே, அதப் புதுசா குடுக்கிறத 2023-லயே நிறுத்திட்டாங்க.

தமிழ்லயே டாட் இந்தியா வாங்கலாம், எனக்கு மனசு அங்கதான் போச்சு. ஏன்னா இங்கிலீஷ்ல கருப்பட்டிக்கு ஒரு பி-யா ரெண்டு பி-யான்ற சண்டையே தமிழ்ல கிடையாது. ஆனா லிங்க்க காப்பி பண்ணி ஒட்டினா சில இடத்துல எக்ஸ்என்னு ஆரம்பிச்சு வாய்ல நுழையாத எழுத்தா மாறிடுது, அந்தப் பேர்ல மெயில் ஐடி வெச்சா பல ஃபார்ம் ஏத்துக்கவே மாட்டேங்குது. ரெண்டாவதா வாங்கி மெயின் சைட்டுக்குத் திருப்பி விடலாம், அத மட்டுமே நம்பி இறங்க முடியாது.

கடைசில டெஸ்ட் வெச்சது சித்திதான். கொரியர் தம்பிக்கு ஃபோன் போட்டு பேர ஒருதடவ சொல்லி "எழுதிப் படி"ன்னாங்க. கருப்பட்டில அவன் மூணு விதமா எழுதினான், ழ வர்ற பேர்ல கேக்கவே வேணாம். பனைன்னு சொன்னதும் பி ஏ என் ஏ ஐன்னு ஒரே அடியில படிச்சுட்டான். அதனால பனையோட இன்னொரு குட்டி வார்த்தையச் சேத்து டாட் இன், மூணு வருஷத்துக்கு.

எந்த டாட் வாங்கினாலும் யார் அக்கவுண்ட்ல வாங்குறீங்கன்றது அதவிடப் பெருசு. என் பழைய சைட்ட செஞ்சு குடுத்தவர் டாட் காம அவர் பேர்லயே பதிஞ்சிருந்தாரு, ரெனியூவல் மெயில் அவருக்குத்தான் போச்சு, அவரு நம்பர மாத்திட்டாரு. எக்ஸ்பைரி ஆகி ரிடெம்ப்ஷன்ல, அதாவது பேர மீட்டுக்கக் குடுக்கிற கடைசிக் கெடுவுல, போனப்பதான் எனக்கே தெரியும். அந்த 30 நாளுக்குள்ள அபராதம் கட்டினா மீட்கலாம், அதுக்கப்புறம் அஞ்சே நாள்ல அழிச்சு பொதுவுல விட்டுருவாங்க. அவரத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள பேரு போயிருச்சு.

அதனால இந்தவாட்டி சித்தி மெயில், சித்தி நம்பர், சித்தி கார்டு. பணம் கட்டும்போது ஓடிபி வந்துச்சு, "ஏல, யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு"ன்னு என்கிட்ட காட்டாம அவங்களே ஒவ்வொரு நம்பரா அடிச்சாங்க.