மூன்றாம் தடவை கோணிய முகம்: குளிசையா, ஸ்டெம் செல்லா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சாளுக்கு முகவாதம் மூன்றாவது தடவையாக வந்திருக்கிறது. முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து கோணிப்போகிற வருத்தம் அது. காலையில் குடித்த பிளேன்டீ இடப்பக்கக் கடைவாயால் ஒழுகிச் சட்டையில் விழுந்ததும், கண்ணாடி பார்க்காமலே அவருக்கு விளங்கிவிட்டது. மாலைக்குள் வெளிநாட்டு உறவினர் ஒருவர் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) சிகிச்சை விளம்பரம் அனுப்பிவிட்டார். "தம்பி, வரும்போதெல்லாம் குளிசை விழுங்குவதைவிட இதை ஒரேயடியாகச் செய்துவிட்டால் என்ன?" என்று மச்சாள் கேட்டார்.

குளிசை என்பது பிரெட்னிசொலோன், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொய்ட் மருந்து. விலை சொற்பம். 2007இல் வெளியான ஸ்கொட்லாந்து ஆய்வில் 551 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, முகம் கோணி 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, வேளைக்கு 25 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை பத்து நாள் இதைக் கொடுத்தார்கள். ஒன்பது மாதத்தில் அதை எடுத்தவர்களில் 94.4 சதவீதத்தினர் முழுமையாகத் தேறினார்கள். அதை எடுக்காதவர்களில் தேறியவர்கள் 81.6 சதவீதம். என் கண்ணில் பட்டது இந்த இரண்டாவது எண்தான். பெரும்பாலானோருக்குத் தானாகவே சுகமாகிற வருத்தம் இது. பிறகு, "ஸ்டெம் செல் ஊசி போட்டேன், முகம் நேராகிவிட்டது" என்ற சாட்சியங்களுக்கு என்ன பெறுமதி? ஆனால் சீனி வருத்தக்காரர் குளிசையிலும் கவனமாக இருக்கவேண்டும். இரத்தத்தில் சீனியை அது ஏற்றிவிடும்.

ஸ்டெம் செல்லுக்கு வருவோம். எலிகளின் முக நரம்பை வெட்டி, இடைவெளியில் செல்கள் நிரப்பிய குழாயை வைத்து நரம்பை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அருமையான ஆராய்ச்சி. ஆனால் மச்சாளின் நரம்பை யாரும் வெட்டவில்லையே! ஓரிடத்தில் ஒரு மில்லிமீற்றர் கூட அகலமில்லாத எலும்புக் குழாய்க்குள் அது வீங்கி நெரிபடுகிறது. வடியவேண்டியது வீக்கம். போன தடவையின் மிச்சமாக, இடியப்பத்தைச் சப்பும்போதெல்லாம் அவருடைய இடக்கண் தானாகச் சுருங்கும். வளர்ந்த நரம்பிழைகள் வழிமாறிப் போய்ச் சேர்ந்ததால் வந்த வினை அது. இன்னும் வளரச் செய்து என்ன காண்பது? அதற்கு முகப்பயிற்சியும் தசையைத் தளர்த்தும் பொட்டொக்ஸ் ஊசியும் இருக்கின்றன. ஊசியின் பலன் மூன்று நான்கு மாதம் நிற்கும்.

ஸ்டெம் செல்லில் ஆபத்து இல்லை என்ற பேச்சையும் நான் நம்பவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் ஏற்றிக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்தது 2017இல் மருத்துவ ஏட்டில் வந்தது.

எலும்புக் குழாயைத் திறந்து நெரிசலைத் தளர்த்தும் சத்திரசிகிச்சையும் உண்டு. திரும்பத் திரும்ப வருபவர்களுக்குச் சில வைத்தியர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். காது கேளாமல் போகும் அபாயம் இருப்பதால் அவசரப்படுவதில்லை. முகத் தசைகளுக்கு மின்சாரம் கொடுக்கும் மின்தூண்டலுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

மச்சாளுக்கு மூன்று தடவையும் இடப்பக்கமே. ஒரே பக்கம் மறுபடி மறுபடி வந்தால் உள்ளே கட்டி ஏதும் அழுத்துகிறதா என்று பார்க்கவேண்டும். எம்.ஆர்.ஐ.க்குத் திகதி கிடைத்திருக்கிறது. குளிசை இரண்டாம் நாளே தொடங்கியாயிற்று. இரவில் கண்ணுக்குக் களிம்பு பூசி, இமையை மூடிப் பிளாஸ்டர் ஒட்டுவது அண்ணனின் வேலை. முதல் நாள் புருவத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டு, காலையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.