கமிஷன், மாதக் கட்டணம், விற்பனைப் பங்கு: விளம்பர நிறுவனங்களுடன் ஒரு நீண்டகால அனுபவம்

கொங்குப் பகுதியில் மசாலாப் பொடி தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் விளம்பரச் செலவுகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இந்தக் காலத்தில் விளம்பர நிறுவனங்கள் எங்களிடம் பணம் வாங்கும் முறை கமிஷனிலிருந்து மாதக் கட்டணத்துக்கும், அங்கிருந்து விற்பனையில் பங்குக்கும் மாறியிருக்கிறது. முறை மாறிய ஒவ்வொரு தடவையும் அவர்கள் சொல்லும் ஆலோசனையும் சேர்ந்தே மாறியது.

இந்தியச் செய்தித்தாள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்கு நாளிதழ்கள் விளம்பரக் கட்டணத்தில் 15 விழுக்காடு கமிஷன் தருவது நெடுங்கால வழக்கம். ஒரு லட்ச ரூபாய் விளம்பரத்துக்கு நாங்கள் முழுத் தொகையைக் கொடுப்போம். ஏஜென்சி 85,000 ரூபாயை நாளிதழுக்குச் செலுத்தும். வாசகம் எழுதுவதற்கும் வடிவமைப்புக்கும் தனியாகக் காசு கேட்கமாட்டார்கள். பத்திரிகைக்கு அவர்களே பொறுப்பேற்றுக் கடன் தவணையும் வாங்கித் தருவதால், தீபாவளி நேரத்தில் எங்கள் கைப்பணத்துக்கு அது பெரிய உதவியாக இருந்தது. ஆனால் எந்தச் சிக்கலைச் சொன்னாலும் தீர்வு அரைப்பக்க வண்ண விளம்பரமாகவே வரும். தருமபுரிப் பக்கத்து விநியோகஸ்தர்கள் பேருந்து போகும் சாலைகளில் சுவர் விளம்பரம் எழுதித் தரச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார்கள். கமிஷன் கிடைக்காத அந்த வேலையை ஏஜென்சி ஒருபோதும் தன் திட்டத்தில் சேர்த்ததில்லை. சோப்பு, ஷாம்பு தயாரிக்கும் பி அண்டு ஜி போன்ற பெருநிறுவனம் கமிஷனைக் கைவிட்டு விற்பனையோடு இணைத்த ஊதியத்துக்கு மாறுவதாக 1999-லேயே அறிவித்துவிட்டது. எங்கள் அளவிலான நிறுவனங்களுக்கு அந்த மாற்றம் மிகத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

மாதக் கட்டண முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்த ஊடகம் என்பதில் ஏஜென்சிக்குத் தன் லாபம் கலக்காததால் சுவர் விளம்பரமும் கடைப் பலகையும் ஒருவழியாகத் திட்டத்தில் இடம்பெற்றன. ஒப்பந்தம் பேச வந்த மூத்தவர்களைக் கையெழுத்துக்குப் பிறகு காண்பது அரிதாயிற்று. சிறிய திருத்தம்கூட ஒப்பந்த வரம்புக்கு வெளியே என்று தனிக் கட்டணமானது.

விற்பனையில் பங்கு என்ற முறைதான் விரிவாகப் பேச வேண்டியது. இணையத்தில் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்று கணக்கிட்டு, அது ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டினால் ஏஜென்சிக்கு ஊக்கத்தொகை. அறிக்கைகள் மாதந்தோறும் அமோகமாக இருந்தன. கிட்டங்கியிலிருந்து வெளியேறும் சரக்கு மட்டும் அந்த வேகத்தில் கூடவில்லை. கூகுள் விளம்பரக் கணக்கில் தேடல் சொற்களின் அறிக்கையைத் திறந்து பார்த்தபோது, விற்பனையைத் தந்த சொற்களில் பெரும்பகுதி எங்கள் பொடியின் பெயராகவே இருந்தது. பெயர் சொல்லித் தேடுகிறவர் எப்படியும் எங்களிடம் வரப்போகிறவர். கடை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே நுழையும் பழைய வாடிக்கையாளர்களையெல்லாம் தானே அழைத்து வந்ததாகக் கணக்கெழுதுவது போன்ற வேலை இது. சில மாவட்டங்களில் மட்டும், எங்கள் பெயரைத் தேடினால் தோன்றும் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தோம். அங்கிருந்து வரும் ஆர்டர்களில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. இணையச் சந்தை நடத்தும் ஈபே நிறுவனம் 2012-ல் இதே சோதனையைப் பெரிய அளவில் செய்து, நிறுத்திய விளம்பரத்தின் வழியே வந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் சாதாரணத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்துவிடுவதைக் கண்டறிந்தது. நம் பெயரைத் தேடுவோருக்குத் தன் விளம்பரம் தெரியவேண்டும் என்று போட்டியாளர் கூகுளில் ஏலம் கேட்கும் இடங்களில் மட்டும் கணக்கு வேறு. அங்கே விளம்பரத்தை நிறுத்துவது ஆபத்து.

ஏஜென்சியை இதற்காகக் குறைசொல்வதில் பயனில்லை. எதற்குக் காசு என்று எழுதியிருந்தோமோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள். இப்போதைய ஒப்பந்தத்தில் எங்கள் பெயரைத் தேடி வரும் விற்பனை ஊக்கத்தொகைக் கணக்கில் சேராது. முதன்முறை வாங்குபவர்கள் மட்டுமே சேர்வார்கள். ஏஜென்சியின் அடிப்படைச் செலவை உறுதியாகக் கொடுத்துவிட்டு அதன் லாபத்தை மட்டும் விளைவோடு இணைக்கிறோம். கோகோ கோலா 2009-ல் அறிவித்த ஊதிய முறையின் சிறுவடிவம் என்று இதைச் சொல்லலாம்.

பெரிய விளம்பர நிறுவனங்களின் நிலையும் ஆட்டம் கண்டிருக்கிறது. நூற்றாண்டுப் பழமையுள்ள ஜே. வால்டர் தாம்ப்சன் 2018-ல் வேறொன்றோடு இணைக்கப்பட்டு, 2023-ல் விஎம்எல் என்ற பெயருக்குள் கரைந்துபோனது. 1973-ல் சென்னையில் தொடங்கிய ஆர்.கே. சுவாமி நிறுவனம் 2024 மார்ச்சில் பங்குச்சந்தைக்கு வந்தபோது, விளம்பரத்தோடு சந்தை ஆய்வையும் தரவுப் பகுப்பாய்வையும் தன் தொழிலாக முன்வைத்தது. வாசகம் எழுதுவதற்குக் கிடைக்காத விலை தரவுக்குக் கிடைக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் எங்கள் ஏஜென்சி வேலை செய்த மணி நேரத்துக்குக் காசு கேட்பதை விட்டுவிட்டு, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறது. முன்பு ஒரு விளம்பரம் வந்த இடத்தில் இப்போது டஜன் கணக்கில் வருகின்றன. அவற்றைச் சரிபார்க்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு மாறிவிட்டது. சாம்பார் பொடிக்கான படமொன்றில் கறிவேப்பிலை அச்சு அசலாகத் துளசி இலையாக இருந்ததை எங்கள் பேக்கிங் பிரிவுப் பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். படத்தின் விலை குறைந்தது உண்மை. பார்வையிடும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மிச்சம் சொற்பமே.

புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்கள் இரண்டைக் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும். கூகுள், மெட்டா விளம்பரக் கணக்குகள் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஏஜென்சியின் பெயரில் இருந்தால் பிரியும்போது பல ஆண்டுத் தரவு அவர்களோடு போய்விடும். ஊடகங்கள் ஏஜென்சிக்குத் தரும் தள்ளுபடி யாருக்குச் சேரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கட்டணங்களையும் தள்ளுபடிகளையும் தமக்குள் பேசி நிர்ணயித்ததான புகாரில் பெரிய விளம்பர நிறுவனங்களின் அலுவலகங்களில் இந்தியப் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் சோதனையிட்டபின், இதைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்படத் தேவையில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் நாளிதழில் விளம்பரம் கொடுக்கும் சிறு நிறுவனமாக இருந்தால் இவ்வளவு ஏற்பாடும் வேண்டியதில்லை. பழைய 15 விழுக்காடு கமிஷனே இன்றும் அவர்களுக்குச் சிக்கனமானது.