பல்சர் 150: எட்டு வருடம், 71,000 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் சர்வீஸ்

வண்டி பஜாஜ் பல்சர் 150. 2017 மார்ச்சில் எடுத்தேன். கார்புரேட்டர் மாடல், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஓடோமீட்டர் இன்று காலை 71,400 காட்டியது. இலவச சர்வீஸ்கள் முடிந்த பிறகு, என்ஜினைப் பிரிக்கிற வேலையும் இன்னும் சில வேலைகளும் தவிர மற்றதெல்லாம் பள்ளிக்கரணையில் எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கிலேயே நடக்கிறது.

தனியாளாகச் செய்யவில்லை, நாங்கள் நான்கு பேர். கீழ்வீட்டு அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் ஃபிட்டர் அண்ணன். இரண்டாவது மாடித் தம்பி சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஒரு நாளைக்கு 120 கி.மீ. ஓட்டுகிறவனுக்கு வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். எதிர்வீட்டு டீச்சரிடம் ஸ்கூட்டர். நான்காவது ஆள் நான், அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதே 2018இல்தான் எனக்குத் தெரிந்தது.

ஆரம்பித்த காரணம் செயின். 2018 கடைசியில், 19,000 கி.மீ.யிலேயே என் முதல் செயின் செட் முடிந்துவிட்டது. பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி நின்றன. ஃபிட்டர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, “இது செயின் கெட்டதில்ல தம்பி, பார்க்காம விட்டது” என்றார். அவர் சொன்னது சரி. சர்வீஸுக்கு விட்ட நாளில் மட்டும் செயினுக்கு எண்ணெய் போடுவார்கள். அடுத்த சர்வீஸ் வரைக்கும் மழை, சேறு, மணல் எல்லாவற்றோடும் அது காய்ந்துபோய் ஓடும். அப்படி விட்டவன் நான்தான்.

இப்போது 500 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்கிறேன், மழைக்காலத்தில் அதற்கும் முன்பே. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே டீசலில் நனைத்த பிரஷ்ஷால் தேய்ப்பேன். பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டு, உள்பக்கமாக 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். வழிகிற எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்ப்ரே டப்பாக்களையும் ஒரு வருடம் பயன்படுத்தினேன். வீட்டுத் தரையும் சக்கரமும் சுத்தமாக இருக்கின்றன, வேலையும் வேகம். ஆனால் சென்னை மழையில் கியர் ஆயிலை விட அதிக நாள் நின்றதாக எனக்குத் தெரியவில்லை. ஓ-ரிங் செயின் உள்ள வண்டிக்காரர்கள் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் போனால் செயினும் போனதுதான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபிட்டர் அண்ணனுக்கு இடது மோதிர விரலில் நகம் இருந்த பகுதி இல்லை. வேலை செய்த இடத்தில், ஓடிக்கொண்டிருந்த செயின் டிரைவில் போனது. “துணி முதல்ல போகும், விரல் அது பின்னாடியே போகும். இழுக்கவே நேரம் இருக்காது” என்று அவர் சொன்ன நாளிலிருந்து எங்கள் பார்க்கிங்கில் செயின் வேலை என்றால் முதலில் சாவி வெளியே வரும்.

லூஸ் பார்ப்பதிலும் நான் பல நாள் தப்பாகத்தான் செய்தேன். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு டைட் செய்வேன். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும். கீழ்ச் செயினின் நடுவில் ஸ்கேல் வைத்தால் மேலும் கீழுமாக 25 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. உங்கள் வண்டியின் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்கு. அட்ஜஸ்டரில் இரண்டு பக்கக் கோடுகளும் ஒன்றாக நிற்கிறதா என்று இன்னொருவர் மறுபக்கம் உட்கார்ந்து சொன்னால் சுலபம். இரண்டாவது செயின் செட் 31,000 கி.மீ. வந்தது. மூன்றாவது இப்போது ஓடுகிறது.

ஆயில் மாற்றுவது எல்லாவற்றையும்விட எளிய வேலை, அலட்சியம் வருவதும் அங்கேதான். ஐந்து நிமிடம் வண்டியை ஓட்டி ஆயில் சூடானதும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, பேசின் வைத்து முழுவதும் வடிய விடுகிறோம். ஊற்றும் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்கிறதா என்று பார்ப்பேன். பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் இதே ஆயிலில்தான் ஊறிக்கொண்டிருக்கும். காருக்கான பல ஆயில்களில் உராய்வைக் குறைக்கிற சேர்மானம் உண்டு, அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டெலிவரித் தம்பி ஒருமுறை மலிவாகக் கிடைத்ததென்று கார் ஆயிலை வாங்கி வந்துவிட்டான். நல்லவேளை, மூடியைத் திறக்கும் முன் டீச்சர் டப்பாவைத் திருப்பிப் படித்தார்.

2019இல் நான் ஒரு தப்பு செய்தேன். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் டிரெயின் போல்ட்டை நீளமான பைப் போட்டு இறுக்கினேன். என்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. அடுத்த முறை கழற்றியபோது போல்ட்டோடு வெள்ளிச் சுருளாக மரையும் வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய், உள்ளே கம்பிச்சுருள் வைத்துப் புது மரை போட்டு வாங்கி வந்தேன். அந்த வாரமே 2,500 ரூபாய்க்கு ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினோம், நாலு பேரும் பங்கு போட்டு. எங்களிடம் இருக்கிற கருவிகளில் அதிக விலை அதுதான், அதிகம் உழைத்ததும் அதுதான். குறித்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று கையில் தட்டும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், பத்து இருபது ரூபாய்தான்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற மாட்டோம். தெரு முனை மெக்கானிக்கின் பீப்பாயில் சேர்த்துவிடுவோம், எடைக்கு வாங்கிப் போக ஆள் வருகிறார்.

ஏர் ஃபில்டர், பேட்டரி டெர்மினல், கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுவது இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக் விஷயம் மட்டும் பல்சர்காரர்களுக்கு. இந்த வண்டியில் இரண்டு பிளக். ஒன்று கைக்கு எட்டும், இன்னொன்று குழாய்க்குள் ஆழத்தில் இருக்கும். கம்பெனி டூல் கிட்டோடு வரும் ஒல்லியான பெட்டி ஸ்பேனரைத் தொலைத்துவிடாதீர்கள். கடையில் வாங்கியது அந்தக் குழாய்க்குள் போகாமல் ஒரு ஞாயிறு முழுக்க வீணானது.

தனியாகச் செய்யவே கூடாது என்று நான் நினைப்பது டிஸ்க் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155க்கு இறங்கிவிடும். ஏலகிரி மாதிரி மலையில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தால் உள்ளே ஆவிக்குமிழி வந்து, லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். ஃபிட்டர் அண்ணன் டிஸ்க்கைப் பிடிக்கிற கேலிப்பர் பக்கம் தரையில் உட்காருவார், நான் லீவர் பக்கம்.

“அழுத்து.”

“அழுத்திட்டேன்ணே.”

கேலிப்பரில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். கண்ணாடிக் குழாயில் டீ நிறத்தில் பழையது வரும், நடுநடுவே சின்னக் குமிழிகள்.

“விடாத... விடாத... மூடிட்டேன். இப்ப விடு.”

மூடுவதற்கு முன் லீவரை விட்டால் காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து. இப்படி இருபது முப்பது முறை, தேன் நிறத்தில் தெளிவாக வரும் வரை. அதற்குள் மேலே டப்பாவில் அளவு குறையாமல் டீச்சர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஒரு சொட்டு டேங்க்கில் விழுந்தாலும் பெயின்ட்டை அரித்துவிடும் என்பதால் ஈரத்துணியும் ஒரு மக் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கும். முடித்ததும் லீவர் கல்லு மாதிரி நிற்கிறதா என்று நாலு பேரும் பிடித்துப் பார்ப்போம், பிறகுதான் வண்டி கேட்டைத் தாண்டும்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் இருப்பவர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கிங்கில் தண்ணீர் சீட்டைத் தொட்டது, வண்டிகள் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தன. எதிர் பிளாக்கில் ஒருவர் தண்ணீரிலேயே வண்டியை ஓட்டி வெளியே கொண்டுவரப் பார்த்தார், நடுவழியில் ‘டக்’கென்று நின்றது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தபின் பிஸ்டன் மேலே வந்தால் வளைவது கனெக்டிங் ராட்தான். அவருக்கு என்ஜினையே பிரிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் வண்டிகளில் சாவியே போடக் கூடாது என்று ஃபிட்டர் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றினோம். இரண்டு பிளக்கையும் எடுத்துவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினேன். பிளக் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி என் முகத்திலேயே அடித்தது. காற்று மட்டும் வரும் வரை அழுத்திக்கொண்டே இருந்தோம். டிரெயின் போல்ட்டைத் திறந்தபோது ஆயில் வரவில்லை, பால் காபி மாதிரி ஒன்று வந்தது. டேங்க் பெட்ரோலைக் காலி செய்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் கீழ்த் திருகைத் திறந்து வடித்து, ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டோம். சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்தோம், பின் டிரம்மைத் திறந்து சேற்றை வழித்தோம். ஒயர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டீச்சர் வீட்டு ஹேர் டிரையரால் உலர்த்தினோம். கரண்ட் வந்தது மூன்றாம் நாள்தான், அதுவரை அதற்கே காத்திருந்தோம்.

மலிவு ஆயில் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, வடித்தோம். இரண்டாவது முறையும் கலங்கல்தான். மூன்றாவது முறை ஆயில் ஆயிலாக வந்தது. நாலு வண்டிக்கும் சேர்த்து ஐந்து நாள் வேலை. அந்த வாரம் மெக்கானிக் கடை வாசல்களில் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. எங்களுக்குப் பேட்டரி இரண்டு, ஸ்பீடாமீட்டர் ஒன்று, வீல் பேரிங்குகள், இவை மட்டும் செலவு. பல்சர் அதன்பிறகு 14,000 கி.மீ. ஓடியிருக்கிறது, ஆயில் குடிப்பதில்லை, புகையில்லை.

நாங்கள் தொடாத வேலைகளும் உண்டு. கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்), ஃபோர்க் ஆயில் சீல், கிளட்ச் பிளேட் மூன்றும் மெக்கானிக்கிடம்தான். அவற்றுக்கான கருவி எங்களிடம் இல்லை, அனுபவமும் இல்லை. டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, மட்டும் ஃபிட்டர் அண்ணன் பார்க்கிறார். ராத்திரி முழுக்க ஆறின என்ஜினில், விடியற்காலையில், ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இழுக்கும்போது விரலுக்குத் தெரிகிற அந்த லேசான பிடிப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தம்பியின் வண்டி 2021 மாடல், பிஎஸ்6, ஃபியூல் இன்ஜெக்‌ஷன். வாரன்டி முடியும் வரை கம்பெனி சர்வீஸை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டோம். செயினும் டயர் காற்றும் மட்டும் எங்களோடு.

பாகங்கள் வாங்க ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு போகிறோம். பழைய பாகத்தையே கையோடு எடுத்துப் போனால் தப்பாக வாங்கி வரும் வேலை இருக்காது. பிரேக் பேட், கேபிள், பேரிங் மூன்றிலும் விலை பேசிப் போலியை வாங்காதீர்கள். ஒரு போலி கிளட்ச் கேபிள் எனக்கு நான்கு மாதத்தில் திண்டிவனம் தாண்டி அறுந்தது, மாலை ஏழு மணிக்கு, மனைவி பின்னால் உட்கார்ந்திருக்க. இப்போது நெடுந்தூரம் போனால் பழைய கேபிள் ஒன்று புதிதின் பக்கத்திலேயே ஓடுகிறது, அறுந்தால் மாட்டிக்கொள்ள.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால் முதலில் வாங்கச் சொல்வது நல்ல ரிங் ஸ்பேனர் செட், காற்று அளக்கும் கேஜ், ஒரு நோட்டுப்புத்தகம். நோட்டில் தேதி, கி.மீ., என்ன செய்தோம் என்று எழுதுங்கள். என் நோட்டின் கடைசி வரியில் டீச்சரின் கையெழுத்து இருக்கிறது: ‘71,400. பின் பிரேக் ராடில் மரை இரண்டு சுற்றுதான் மிச்சம். அடுத்த ஞாயிறு ஷூ மாற்ற வேண்டும்.’ ஷூ வாங்கி வைத்துவிட்டேன்.