ஸ்காபரோ விண்டரும் ஒரு விளக்கும்

ரொறன்ரோவில் டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டு மணிக்குச் சற்று முன் எழும்பி, மாலை ஐந்து மணியாவதற்குள் இறங்கிவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. நவம்பர் வந்தால் எனக்கு எவ்வளவு தூங்கினாலும் போதாது. சோறும் பாணும் கேட்டுக்கொண்டே இருக்கும், யாருடைய போனையும் எடுக்க மனம் வராது. பருவகால மனச்சோர்வு, அதாவது வெளிச்சம் குறையும் மாதங்களில் வரும் மனச்சோர்வு என்றார் குடும்ப மருத்துவர். பிரகாசமான விளக்கின் முன் தினமும் உட்காரச் சொன்னார்.

மாத்திரைதானே தருவீர்கள் என்று கேட்டேன். 2006-இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். அதில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கும் ஃபுளூஒக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் ஒரே அளவுக்கு, 67 சதவீதம் பேருக்குப் பலன் தந்தனவாம். காசு கொடுத்து வாங்குவதற்கு முன், ஸ்காபரோவில் உள்ள மால்வெர்ன் பொது நூலகத்தில் 2016-இல் வைத்திருந்த விளக்கின் முன் போய் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம்தான் சொந்தமாக ஒன்று.

பெட்டியில் போட்டிருக்கும் 10,000 லக்ஸ் எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். கையகல விளக்குகள் சிலவற்றில் மூக்கை ஒட்டவைத்தால்தான் அந்த வெளிச்சம். அப்படி உட்கார்ந்து யாரால் தேநீர் குடிக்க முடியும்? என்னுடையது பெரிய பலகை. எழும்பிய ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம், சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு பேப்பர் வாசிப்பேன். விளக்கையே முறைத்துப் பார்க்கத் தேவையில்லை, கண் திறந்திருந்தால் போதும். விழித்திரையில் படும் வெளிச்சம்தான் மூளையின் கடிகாரத்தைத் திருத்துகிறது. மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் போய்விடும்.

"பல்ப்புக்கு முன்னாலே இருந்து என்ன தவமோ?" என்பார் அம்மா. ஊரில் வெயிலுக்குக் குடை பிடித்த ஆட்கள் நாங்கள், அவர் கேட்பதும் நியாயம்தான்.

முதல் சில நாட்கள் லேசான தலையிடி மட்டும். கொஞ்சம் தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது. இரண்டாவது வாரத்தில்தான் காலைப் பாரம் குறைந்தது. மகிழ்ச்சி பொங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். எழும்ப முடிகிறது, குளிக்க முடிகிறது, அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விஷயம். சில நாள் விட்டால் பழைய மந்தம் திரும்பும். விற்றமின் டி இதில் கிடைக்காது, நல்ல விளக்குகள் புற ஊதாக் கதிரை வடிகட்டிவிடும்.

இருமுனைக் கோளாறு (மனம் ஒருநேரம் அளவுக்கு மீறி எகிறி, இன்னொரு நேரம் சோர்ந்துவிடும் நோய்), விழித்திரை நோய் உள்ளவர்களும், வெளிச்சத்துக்குக் கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இருமுனைக் கோளாறு இருந்தால் மனம் அளவுக்கு மீறி எகிறவும் கூடும்.

நான் இப்போது அக்டோபர் நடுவிலேயே விளக்கை மேசைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். நவம்பரில் இங்கு எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் வரை காத்திருந்தால், அதற்குள் விழுந்துவிட்ட மனதைத் தூக்கி எடுக்கக் கூடுதல் நாள் பிடிக்கிறது.