நித்திரைக் குளிசையா, கனவின் முடிவை மாற்றுவதா?

புதுக்குடியிருப்பில் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்ட கடைசி மாதங்களில் எங்களுக்கு இரவுதான் பயம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. கண்ணை மூடினால் 2009இன் கடைசிப் போர் வந்துவிடும். பங்கருக்குள் மண் சரியும், கையிலிருந்த பிள்ளை வழுவிப்போகும். வியர்த்து எழும்பினால் விடியும்வரை படுக்கமாட்டார். வன்னியில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது நித்திரைக் குளிசை. லோரசெபாம், டயசிபாம் அன்றைக்கே கேட்கும். ஆனால் நோவுக்குக் கொடுக்கும் மோர்ஃபினோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சு மந்தமாகலாம். வயதானவர் இரவில் எழும்பி விழலாம், புத்தி தடுமாறலாம். சில கிழமை எடுத்தபின் சட்டென்று நிறுத்தினால் கெட்ட கனவுகள் முன்னைவிட மோசமாகத் திரும்பும். கடைசி நாட்களின் தவிப்பை அடக்க டொக்டர் கொடுப்பது வேறு. அங்கே நான் தயங்கமாட்டேன்.

பிரசோசின் என்ற இரத்த அழுத்தக் குளிசையையும் பயங்கரக் கனவுக்குக் கொடுப்பதுண்டு. 2018இல் வெளியான ஆய்வில், 304 அமெரிக்க முன்னாள் படையினரிடம் அது வெற்றுக் குளிசையைவிட மேலாக இருக்கவில்லை. எழும்பும்போது அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். சாப்பாடு தண்ணீர் குறைந்துபோன உடம்புக்கு அதை நான் விரும்பவில்லை.

எனக்குப் பிடித்தது கனவு ஒத்திகை. பகலில், நல்ல வெளிச்சத்தில், கனவைச் சுருக்கமாகச் சொல்லி, அவர் விரும்பியபடி முடிவை மாற்றி, புதிய கதையைத் தினமும் 10-20 நிமிடம் மனதில் ஓட்டிப்பார்ப்பது. பாலியல் வன்முறைக்கு ஆளாகி, பயங்கரக் கனவுகளால் அவதிப்பட்ட 168 பெண்களிடம் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. இந்தப் பயிற்சியால் அவர்களுக்குக் கனவுகள் குறைந்தன. முழுக்கனவையும் கிளறத் தேவையில்லை. பெரியம்மா பிள்ளையைத் தோளில் போட்டு நந்திக்கடலைத் தாண்டி, வற்றாப்பளை அம்மன் கோயிலில், உப்புநீரில் விளக்கெரியும் பொங்கல் இரவில் இறக்கிவிட்டார். முடிவு அவருடையது, நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாம் கிழமைதான் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. அவ்வளவு பொறுமையும் தெளிந்த மனமும் வேண்டும் என்பதே இதன் குறை.

சரி, இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்கவேண்டிய ஒன்றை நாங்கள் பிந்தித்தான் பார்த்தோம். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தை இரவுச் சாப்பாட்டோடு கொடுத்துக்கொண்டிருந்தோம்! அது நித்திரையைக் கெடுக்கும் மருந்து, காலையில் கொடுப்பதே வழக்கம். நேரத்தை மாற்றித் தந்ததும் பாதி இரவு நித்திரை திரும்பி வந்தது. நடுச்சாமத்தில் நோ எழுப்புகிறதா, மோர்ஃபின் கூட்டிய பிறகா கனவுகள் தொடங்கின என்றும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். தெல்லிப்பழை புற்றுநோய் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும், அந்தக் கொப்பி கையில் இருந்தால் அலைச்சல் வீணாகாது.

அப்புறம், முழித்திருக்கும்போதே இல்லாத ஆட்களைப் பார்த்து, நேரமும் இடமும் மாறிப் பேசத் தொடங்கினால் அதைக் கனவு என்று விடாதீர்கள். சலக்கிருமி, நீர் வற்றுதல், கல்சியம் கூடுதல், மருந்து எதுவும் காரணமாகலாம். கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள்.