நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகு

பதினொரு ஆண்டுகளுக்குப் பின், இந்த ஆடியில் ரொறொன்ரோவிலிருந்து ஊருக்குப் போனபோது, யாழ்ப்பாணத்தை அண்டிய நெடுந்தீவுக்கும் சென்றேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் பயணிகளுக்கு முன்பாகவே சீமெந்துப் பைகளும் அரிசி மூடைகளும் தண்ணீர்ப் போத்தல் கட்டுகளும் படகில் ஏற்றப்பட்டிருந்தன. சோழகக் காற்றில் கடல் கொந்தளித்த அந்த ஒரு மணி நேரமும், முதியவர்களைக் கைபிடித்து அமரவைத்துக் கவனித்துக்கொண்ட படகுப் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முருகைக்கல் வேலிகளையும் கோட்டையையும் கடந்து கரைக்கு இறங்கியதும் மனம் வாடிவிட்டது. கடற்சாதாழையோடு பின்னிக் கிடந்த நைலோன் வலைத் துண்டுகளும் றெஜிபோம் (தெர்மோகோல்) மிதப்புகளும் கடல் ஒதுக்கியவை. ஆனால் மர நிழலில் குவிந்திருந்த போத்தல்களும் சோற்றுப் பொதி சுற்றிய தாள்களும் எங்களைப் போல் வந்து போனவர்கள் விட்டவை. போத்தல்களை எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். அருகில் ஒரு மாடு சொப்பிங் பையொன்றை மென்றுகொண்டு நின்றது.

சோற்றுப் பொதி சுற்றும் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் இலங்கையில் 2017 செப்டெம்பர் 1 முதல் தடைசெய்யப்பட்டவை. பிளாஸ்ரிக் கரண்டியும் உறிஞ்சுகுழலும் 2023 ஒக்டோபர் 1 முதல். போத்தலுக்கோ தடையில்லை, தீவின் கிணறுகள் பெரும்பாலும் உவர் என்பதால் அதைக் கொண்டுவராமல் இருக்கவும் முடியாது. சிறுவயதில் ஆடிக்கூழைப் பனையோலைப் பிளாவில் குடித்தவர்கள் நாங்கள்; குடித்து எறிந்த பிளா காலப்போக்கில் மண்ணாகிவிடும்.

நான் பார்த்த கரையில் ஒரு குப்பைத் தொட்டிகூட இல்லை. தேநீர்க் கடைக்கார அம்மாவிடம் கேட்டபோது, "எரிக்கிறதை விட்டால் வேறை வழியில்லைத் தம்பி" என்றார். தீவுக்குப் போகும் ஒவ்வொரு போத்தலும் படகில்தான் போகிறது. மாலையில் அதே படகு ஆட்களோடு மட்டும், சரக்குத் தளம் வெறுமையாக, திரும்புகிறது. தீவின் இறங்குதுறையில் பெரிய கம்பிக் கூடொன்றை வைத்து, நிரம்பும்போதெல்லாம் அந்தத் தளத்தில் ஏற்றிவிட்டால் போதும். புதிய படகோ பெரும் செலவோ வேண்டியதில்லை.

அன்று இரண்டு உரப்பைகள் நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். படகுத் தம்பி எதுவும் கேளாமல் பின்புறத்தில் இடம் ஒதுக்கித் தந்தார். குறிகட்டுவானிலும் அவற்றைப் போட இடமில்லாததால் பேருந்தில் யாழ்ப்பாணம்வரை கொண்டுபோனேன். அங்கே பழைய போத்தல் வாங்கும் கடைக்காரர் அவற்றை நிறுத்து எடுத்துக்கொண்டார்.