ஒரு ராத்திரிக்கு மட்டும் ஆள் வேண்டும்: ஏஜென்சி ஆயாவா, பழகிய அக்காவா?

ஆவணி, தை முகூர்த்தங்கள் நெருங்கினாலே சென்னையில் சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி எழும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும் சனிக்கிழமை ராத்திரி பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? பாட்டி பக்கத்தில் இருந்தால் யோசனையே இல்லை. இல்லாதவர்களுக்கு மூன்று வழிகள்: ஏஜென்சி அனுப்பும் ஆயா, செயலியில் மணிக்கணக்கில் புக் செய்யும் ஆள், வீட்டு வேலைக்கு வரும் அக்காவையோ தெருவில் தெரிந்த அம்மாவையோ ஒரு ராத்திரி தங்கச் சொல்வது. எங்கள் வீட்டில் நிலைத்தது மூன்றாவது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

செயலியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பகலில் நீங்களும் வீட்டில் இருக்கும்போது இரண்டு மூன்று மணி நேரம் கூடமாட ஆள் வேண்டுமென்றால் சரி. ராத்திரி தங்குவதற்கு அந்த வழியில் எங்களுக்குப் பழக்கமில்லை, அதனால் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஏஜென்சியில் நல்லது இருக்கிறது. அடையாளச் சான்று வாங்கி வைத்திருப்பார்கள், ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை அனுப்புவார்கள். பச்சிளம் குழந்தையைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்துக் கைபழகிய ஆயாக்கள் அங்கே கிடைப்பார்கள். ஆனால் அவர்களின் கணக்கெல்லாம் மாதச் சம்பள வேலைக்கானது: பதிவுக் கட்டணம், டெபாசிட், காலை 8 முதல் இரவு 8 வரை ஷிஃப்ட். ஒரு ராத்திரி வேலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, அன்றைக்குக் கை ஓய்வாக இருப்பவர்தான் வருவார். வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ ஒருவருடையது, சனிக்கிழமை வாசலில் நிற்பவர் வேறொருவர் என்பது அடிக்கடி நடக்கும். பொங்கல், தீபாவளி என்றால் அவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள்.

செலவு, சுத்தம், நேரம் தவறாமை எல்லாம் இரண்டாம் பட்சம். என் கணக்கில் ஒரே கேள்விதான் முடிவு செய்கிறது: குழந்தையை அன்றைக்குத் தூங்கவைப்பது யார்?

எந்தக் குழந்தையும் ராத்திரி முழுக்க ஒரே மூச்சில் தூங்குவதில்லை. ஒவ்வொரு தூக்கச் சுற்றின் முடிவிலும் லேசாகக் கண்விழிக்கும். தூங்கப்போனபோது பக்கத்தில் இருந்ததெல்லாம் அப்படியே இருந்தால் தானாகத் திரும்பத் தூங்கும். அம்மா தட்டித் தூங்கவைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டால், ஒரு மணிக்கு விழிக்கும் குழந்தை அம்மாவைத் தேடும். குனிந்து பார்ப்பது புது முகமென்றால் வீடே அதிரும். எட்டு ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இந்தப் பிரிவு பயம் உச்சத்தில் இருக்கும். எவ்வளவு கெட்டிக்கார ஆயாவானாலும் அந்த அழுகையைத் திறமையால் மட்டும் அடக்க முடியாது. பழகிய முகம் வேண்டும்.

தூளிப் பழக்கம் உள்ள குழந்தையென்றால் இன்னும் நுணுக்கம். சிலதுக்கு ஸ்ப்ரிங் மேலும் கீழும் அசைய வேண்டும், சிலதுக்குப் பக்கவாட்டு ஆட்டம்தான். தினம் பார்க்கிற அக்காவுக்கு இது தெரியும். தூங்கியபின் இறக்கித் தரையில் விரித்த மெத்தையில் போடச் சொல்லுங்கள். புரண்டு எழப் பழகிய குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் தூளியில் விட்டால் துணியில் சிக்கிக்கொள்ளும்.

பழகியவர் என்றாலும் நேராக ராத்திரிக்கு வரச் சொல்லாதீர்கள். முதலில் ஒரு சாயங்காலம், நீங்கள் வீட்டில் இருக்கும்போது அவரே சோறூட்டட்டும். அடுத்த முறை நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள், அவர் தூங்கவைக்கட்டும். மூன்றாவதாக, ராத்திரி பத்து மணி வரை வெளியே போய் வாருங்கள். அதன் பிறகே தங்கல். ஒத்திகைக்கும் காசு கொடுக்க வேண்டும், அதுவும் வேலைதான். ராத்திரிக்கான தொகையை மாதச் சம்பளத்தில் கலக்காமல் முன்னாலேயே பேசி, காலையில் கிளம்பும்போதே கொடுத்துவிடுங்கள். நிகழ்ச்சி தள்ளிப்போனால் பாதியாவது கொடுங்கள், அவர் அன்றைக்கு வேறு வேலையை விட்டிருப்பார். அந்த ராத்திரி அவருடைய பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதையும் கேளுங்கள். இந்த ஏற்பாடு பெரும்பாலும் முறிவது அங்கேதான். குழந்தையோடு ஒரே அறையில் படுக்கை, ஃபேன், சாப்பாடு இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கச் சொல்லவே கூடாது.

தெரிந்தவர்தானே என்று சான்றை விடாதீர்கள். ஆதார் நகல், இப்போதைய முகவரி, அவர் வீட்டார் ஒருவரின் எண் வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்பில் வீட்டு வேலையாளருக்குத் தனிப் பிரிவு உண்டு. அவரிடம் சொல்லி, சம்மதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், ஓரிரு நாளில் கைக்கு வராது.

கிளம்புமுன் மருந்து அலமாரியைப் பாருங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மி.கி. உள்ளதும் வருகிறது, 250 மி.கி. உள்ளதும் வருகிறது. பெயர் ஒன்றுதான், அளவு இருமடங்குக்கு மேல். சொட்டு மருந்தோ 1 மில்லியிலேயே 100 மி.கி. மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் அரைத் தூக்கத்தில் கை தவறும். ஒரு பாட்டிலை மட்டும் வெளியே வைத்து, டாக்டர் சொன்ன அளவுக்குச் சிரிஞ்சில் மார்க்கரால் கோடு போடுங்கள். கொடுத்த நேரத்தை எழுதச் சொல்லுங்கள், நான்கு மணி நேரத்துக்குள் அடுத்த வேளை கூடாது.

சென்னை வீடுகளில் இன்னொன்று: தண்ணீர் பிடித்துவைத்த பக்கெட்டும் டிரம்மும். தவழும் குழந்தை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும். பாத்ரூம் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் வீட்டு முகவரி, 108, கால் மணி நேரத்தில் வரக்கூடிய ஒரு சொந்தக்காரரின் எண்.

பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு என் சிபாரிசு மாறும். அந்த வயதில் முகத்தைவிடக் கைப்பழக்கம் முக்கியம், ஏஜென்சியின் அனுபவமுள்ள ஆயா மேல். தொடர்ந்து மூன்று நான்கு ராத்திரி என்றாலும் அப்படியே. மறுநாள் தன் வேலைகளுக்கும் ஓட வேண்டிய அக்காவால் அத்தனை ராத்திரி விழிக்க முடியாது. அப்போது ஏஜென்சியிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: சனிக்கிழமை தங்கப்போகிறவர் வியாழக்கிழமை சாயங்காலமே வந்து குழந்தையோடு இருக்க வேண்டும், ஆள் மாறினால் முன்பணம் திரும்ப வேண்டும். அந்த வியாழக்கிழமைக்கான கூலியையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.